800 ரூபாய் சம்பள உயர்வும் அம்மாவின் பித்தப்பைக் கல்லும்

போன செவ்வாய்க்கிழமை என் கணக்கில் 16,000 ரூபாய் வந்து விழுந்தது. லாட்டரி இல்லை, அம்மாவின் ஆபரேஷன் பில்லில் இன்சூரன்ஸ் கம்பெனி வெட்டிய என் காசேதான். அதைத் திரும்ப வாங்க நாலு மாசம், பதினோரு மின்னஞ்சல், எண்ண மறந்த போன் கால்கள். வேலூர்ப் பக்கம் யாராவது இதே வரிசையில் நிற்கிறீர்கள் என்றால் உதவும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். 2021 ஏப்ரல் வரை சம்பளம் 20,800. இஎஸ்ஐக்கு மாசம் 156 ரூபாய் பிடிப்பார்கள். அம்மாவுக்கும் சேர்த்து வைத்தியம் அதில் முடிந்துவிடும். அந்த ஏப்ரலில் 800 ரூபாய் ஏற்றிக் கொடுத்தார்கள். சந்தோஷமாக அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இஎஸ்ஐக்கு மாசச் சம்பள வரம்பு 21,000 என்பது அடுத்த வாரம்தான் உறைத்தது. 2017-இல் வைத்த வரம்பு. அந்த வருஷக் கடைசியோடு அட்டை செல்லாது. ஆக, வருஷத்துக்கு 9,600 ரூபாய் கூடுதலாக வாங்கப் போய், அம்மா ஒருத்திக்கே போன வருஷம் 25,960 ரூபாய் மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டினேன். அதில் 3,960 வெறும் ஜிஎஸ்டி.

பிரீமியம் கட்டுவதற்கு முன்னால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் ஒரு நடை நடந்தேன். "எல்லாருக்கும் குடுக்கறாங்க, போய்ப் பாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வருமானச் சான்று இல்லாமல் உள்ளேயே விடவில்லை. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், இரண்டு நாளில் விஏஓ நேரில் வரச் சொன்னார். வேலையிலிருந்து நேராகப் போனேன். ஏற இறங்கப் பார்த்தார். "சார், கம்பெனி ஐடி கார்டு கழுத்துல தொங்குது. இந்தக் கோலத்துல வந்து வருஷ வருமானம் வரம்புக்குக் கீழன்னு எழுதச் சொல்றீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

பாலிசி எடுத்துக் கொடுத்தது என் மச்சான், ஏஜென்ட். அவனுக்குச் சந்தை என்றால் சாமி மாதிரி. "மாமா, 2000-க்கு முன்னாடி அரசாங்கக் கம்பெனிங்க மட்டும்தான். இப்ப எத்தனை கம்பெனி! போட்டி இருந்தா விலை தானா எறங்கும். புடிக்கலன்னா வேற கம்பெனிக்கு மாத்திக்கோ." நான் சொன்னேன், நேதாஜி மார்க்கெட்டில் எலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நாலு கடையில் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டு வாங்கலாம்டா, பித்தப்பையை அப்படி வாங்க முடியுமா என்று. சிரித்தான். ஜூன் மாசம் அம்மாவுக்கு வலி வந்தபோது மூன்று மருத்துவமனைகளுக்கு நானே போன் போட்டேன். பித்தப்பை ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்? மூன்று இடத்திலும் ஒரே பதில்: "டாக்டர் பாத்தாதான் சொல்ல முடியும் சார்."

சேர்த்த இடத்தின் பெயர் வேண்டாம். சேர்த்தது, ஆபரேஷன், எல்லாம் நன்றாகவே நடந்தது. டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோட்டை விட்டது ராத்திரி பதினொன்றரைக்கு, அட்மிஷன் கவுண்டரில். "ஷேரிங் ரூம் இல்ல, சிங்கிள் ஏசிதான் இருக்கு, 4,500. இன்சூரன்ஸ் இருக்குல்ல, கையெழுத்துப் போடுங்க." போட்டேன். என் பாலிசி 3 லட்சம், அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம்தான், நாளுக்கு 3,000. மிஞ்சிப்போனால் வாடகையில் 1,500 நம் தலையில் விழும் என்று நினைத்தேன். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். வாடகையில் மூன்றில் ஒரு பங்கு வரம்புக்கு மேல் போனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவார்கள். நீங்கள் ஒரு ரூம் எடுத்தால் பில் மொத்தமும் அந்த ரூமோடு போகும்.

இன்னொன்று. டியூட்டி டாக்டர் "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டதும் அம்மா, "ரெண்டு வருஷமா அப்பப்போ சுருக்குன்னு இருக்கும்பா" என்றாள். அவரும் அப்படியே எழுதிவிட்டார். பாலிசி எடுத்து மூன்றரை வருஷம் தாண்டியதால் பிழைத்தோம். இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த நோய் என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அப்படியும் டிஸ்சார்ஜ் அன்று அதைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு கேள்வி அனுப்பினார்கள். காலை பத்து மணிக்கு டாக்டர் "போகலாம்மா" என்றார். அம்மா புடவை மாற்றி, பையைக் கட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒப்புதல் வந்தது இரவு ஏழரைக்கு. நாலாவது நாள் வாடகை அப்படித்தான் ஏறியது. கடைசி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் ஏறும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று 2024 மே மாசமே இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விதி போடும் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. எனக்கு அது தெரிய வந்தபோது ஆகஸ்ட். கேட்காமல் விட்டதில் இன்னும் வயிறு எரிகிறது.

பில் 1,24,200. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 80,000. கையுறை, பதிவுக் கட்டணம் என்று 4,200 எப்படியும் கிடைக்காது. மீதி 40,000 வெட்டு. மச்சானிடம் கேட்டால், "பாலிசியில போட்டிருக்கு மாமா." எந்தப் பக்கம் என்றேன், அவனுக்கும் தெரியவில்லை.

நான் கணக்குப் பார்க்கிறவன், அந்த ஒரு விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். பில் கவுண்டரில் தலைப்பு வாரியாகப் பிரித்த பில் கேட்டேன். இரண்டு தடவை இல்லை என்றார்கள். மூன்றாவது நாள் அங்கிருந்த ஒரு பெண் யாரும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "மருந்துலயும் டெஸ்ட்லயும் வெட்டியிருந்தா விடாதீங்க சார்." அவர் புண்ணியவதி. 2020-லேயே ஐஆர்டிஏஐ விதி வந்திருக்கிறது: அறை வாடகையைக் காட்டி மருந்து, உள்ளே வைக்கும் சாதனம், பரிசோதனை இவற்றில் விகிதம் போட்டு வெட்டக் கூடாது. எனக்கு மருந்து 33,000-த்தில் 11,000, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்த 15,000-த்தில் 5,000 வெட்டியிருந்தார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். "விதிகளின்படி தீர்வு செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி. பிறகு ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் பதிந்தேன் (155255-க்குப் போன் செய்தும் பதியலாம்). அதற்கும் அதே வரி, தேதி மட்டும் வேறு. செப்டம்பரில், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பினேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். பிரித்த பில், வெட்டிய பட்டியல், என் கணக்கு, மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி இணைத்தேன். விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து போன்: "சார், ஒரு சின்னக் கணக்குப் பிழை நடந்திருக்கு."

நடுவில் மச்சான் பேச்சைக் கேட்டு வேறு கம்பெனிக்கு மாற்றவும் முயன்றேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்தேன். 66 வயது, போன ஜூனில் ஆபரேஷன் என்று எழுதியதும் ஒரு கம்பெனி மறுத்தது, இன்னொன்று பதிலே போடவில்லை. மச்சானிடம் காட்டினேன். "அவங்களுக்கும் நஷ்டம் வரக்கூடாதுல்ல மாமா" என்றான். சரிதான். இளைஞனாக, நோயே இல்லாதவனாக இருந்தால் எனக்கும் சந்தையில் நல்ல மரியாதை கிடைத்திருக்கும்.

அக்டோபரில் பழைய கம்பெனியிலேயே புதுப்பித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால் 3,960 மிச்சமாகும் என்று பார்த்தால், பிரீமியம் 22,000-லிருந்து 23,900 ஆகியிருந்தது. அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு எவ்வளவு என்று கேட்டேன். மச்சான் சொன்ன தொகையைக் கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

16,000 வந்ததை அம்மாவிடம் சொன்னேன். கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ரூம்ல ஏசி ஓடவே இல்லையேடா, அதுக்கா 4,500?" என்றாள்.