மணல் அனுமதியில் யார் சொல் எடுபட்டது? கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிய அனுபவம்

மணல் அனுமதி பற்றிய கூட்டக் குறிப்பு கடைசியில் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கந்தோர் என்னை இழுத்தடித்ததை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. மட்டக்களப்பில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விசயம் மணல். முந்தனையாற்றை அண்டிய எங்கள் பக்கத்தில் டிப்பர்கள் ஓடும் நேரம் திடீரென்று கூடியது. மணல் அனுமதியில் இருந்த நேர நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள் என்று பேச்சு. யார் கேட்டு, எந்தக் கூட்டத்தில், யார் யார் இருந்து அந்த முடிவை எடுத்தார்கள்? எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் கேட்கும் ஆர்டிஐ 01 விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதில் சிரமம் இல்லை. கொடுக்கப் போன இடத்தில்தான் வில்லங்கம். "இது உங்களுக்கு எதுக்குத் தம்பி?" என்றார் தகவல் அலுவலர். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதைச் சொன்னதும் படிவத்தை வாங்கி லாச்சிக்குள் வைத்துவிட்டு, "சரி, போங்க, கடிதம் வரும்" என்றார். ஏற்றுக்கொண்டதற்கான துண்டு தரவில்லை. அது இல்லாமல் வெளியே வந்துவிடாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்ட உங்களிடம் ஒரு கடுதாசி வேண்டுமே. நான் மேசைக்கு முன்னால் நின்றே திகதி முத்திரை குத்தி வாங்கினேன்.

பதில் ஒரே வரியில் வந்தது: மூன்றாம் தரப்பின் வர்த்தக இரகசியம், தர முடியாது. கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்பதில் என்ன வர்த்தக இரகசியம்? நான் விலையையோ கணக்கையோ கேட்கவில்லை. மறுக்கிறார்கள் என்றால் காரணத்தோடு, யாரிடம் எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுத வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. என் கடிதத்தில் அது இல்லவே இல்லை. தெரியாதவர் அந்த இடத்திலேயே கைவிட்டிருப்பார்.

அடுத்த படி, முதல் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு போட வேண்டும். "அவரும் அதே கந்தோர்தானே, என்ன ஆகப்போகுது" என்று பலர் சொன்னார்கள். கேட்காதீர்கள். கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக வேண்டி வந்தாலும் இந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். மேன்முறையீட்டில் இரண்டு விசயம் எழுதினேன். பொதுநலன் பெரிதென்றால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் கொடுக்கத்தான் வேண்டும் என்று 5ஆம் பிரிவே சொல்கிறது. கொடுக்க முடியாத பகுதி இருந்தால் அதை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. மேன்முறையீட்டுக்கு முடிவு சொல்ல அவருக்குள்ள மூன்று வாரக் கெடு முடியும் முன்பே கூப்பிட்டுக் கூட்டக் குறிப்பைத் தந்தார்கள்.

சமுகமளித்தோர் பட்டியலில் அதிகாரிகளுக்கு அடுத்ததாக மணல் வியாபாரிகளும் டிப்பர் உரிமையாளர்களும். கமக்காரர் அமைப்பு இல்லை, மீனவர் சங்கம் இல்லை. கீழே, "சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க" டிப்பர் ஓடும் நேரம் நீடிக்கப்பட்டதாக ஒரு வரி. சங்கம் என்றது வியாபாரிகளின் சங்கத்தைத்தான். வியாபாரி தன் தேவையைக் கேட்பதில் எனக்குக் குறையில்லை, அது அவர் உரிமை. கரை இடிந்து வயலை இழக்கிறவனுக்கு அப்படியொரு கூட்டம் நடக்கிறது என்றே சொல்லாமல் விட்டதுதான் அநியாயம்.

இன்னொன்று: "ஏன் தளர்த்தினீர்கள்?" என்று கேட்காதீர்கள், மழுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். கூட்டக் குறிப்பு, வருகைப் பதிவு, வந்த கடிதங்களின் பிரதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த வேண்டுகோள் கடிதத்தை நான் முதலிலேயே கேட்கவில்லை. இப்போது அதற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இந்த முறை கமக்காரர் அமைப்பின் தலைவரும் கூட வந்து தன் பெயரில் தனியாக ஒன்று கொடுத்தார்.