‘கடன்’ பற்றிப் பிரசங்கித்துக் கவிழ்ந்தவன் எழுதுவது

போன வாரம் மறுதேர்வு முடிவு வந்தது. ஹோமிலெடிக்ஸ் (பிரசங்கக் கலை) செய்முறையில் தேறிவிட்டேன். முதல் தடவை கோட்டைவிட்டதில் பி.டி. என்கிற இறையியல் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அடுத்து இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

பிரசங்கத் தலைப்பைச் சீட்டெடுத்துத் தருவார்கள். எனக்கு வந்தது ‘கடன்’. பக்கத்தில் இருந்தவனுக்கு ‘வரதட்சணை’, இன்னொருவனுக்கு ‘கல்லறைத் தோட்டத்தில் சாதி’. நமக்குத்தான் சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். ரோமர் 13:8, ‘ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்’, மூன்று குறிப்பு, ஜெபம், முடிந்தது. அந்த வசனம் அன்பைப் பற்றிப் பேசுகிறது என்பதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டேன்.

வாரயிறுதி ஊழியம் செய்கிற சபையில்தான் தேர்வு. முன்வரிசையில் பெண்கள் ஐக்கிய சங்கம். பாதிப் பேருக்குக் குழுக் கடன், திங்கள்கிழமை காலையில் தவணை. ‘வரவுக்குள் வாழத் தெரியாதவர்கள்’ என்று நான் சொன்னதும் தலைகள் குனிந்தன. மனந்திரும்புகிறார்கள் என்று நினைத்தேன்! தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, இவங்க எதுக்குக் கடன் வாங்கினாங்கன்னு தெரியுமா?” தெரியாது. அதற்காக ஃபெயிலாக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் கேள்வி சரி.

இரண்டாம் தடவை நெகேமியா 5. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, மறுபடி கட்டிய தலைவர். நெகேமியா என்றாலே நமக்கு அந்த அலங்கமும் ஆலயக் கட்டட நிதியும்தான். அலங்க வேலைக்கு நடுவிலேயே ஜனங்களின் கூக்குரல் கேட்கிறது, பெண்களும் சேர்ந்து முறையிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்திருக்கிறார்கள், ராஜாவின் தீர்வைக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளை அடிமையாக்கியிருக்கிறார்கள். ஊதாரித்தனம் என்று ஒரு வார்த்தை கிடையாது. 11-ம் வசனத்தின் ‘நூற்றுக்கொன்று’ மாதக் கணக்கு என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார்.

என்னைத் தேற வைத்தது 10-ம் வசனம். 9-ல் ‘நீங்கள் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று கடன் கொடுத்தவர்களைக் கண்டித்த நெகேமியா, அடுத்த வசனத்திலேயே நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒத்துக்கொண்டு, வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். நான் 9-லேயே நின்றுவிட்ட ஆள். முதல் பிரசங்கத்தின் பிரதியை எடுத்து எண்ணினேன்: 31 ‘நீங்கள்’. புதியதில் நாலு. மீதி எல்லாம் ‘நாம்’. ‘நாங்கள்’ அல்ல, ‘நாம்’. என் படிப்புச் செலவுக்கு அம்மாவின் சங்கிலி பேங்கில் அடகில் இருப்பதையும் சொன்னேன். வேறு எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும், உங்கள் பிரதியில் ‘நீங்கள்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் சில:

- 6-ம் வசனத்தில் நெகேமியாவுக்குக் கோபம், 7-ல் மனதுக்குள் ஆலோசனை. கோபத்தில் எழுதிய பிரதியை ஒரு வாரம் பெட்டியில் போடுங்கள்.
- ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கு எடுக்கும் முன், அதற்குச் சற்று முன்னால் வரும் மாற்கு 12:40-ஐப் படியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.
- கடனையும் வட்டியையும் பற்றிப் பேசும் யாத்திராகமம் 22, லேவியராகமம் 25, உபாகமம் 15 மூன்றையும் ஒரே பிரசங்கத்தில் திணிக்காதீர்கள். ஒன்று போதும்.
- வீடு சந்திப்பில் கேட்ட கதையைப் பெயர் மாற்றியும் சொல்லாதீர்கள். கிராமத்துச் சபையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.
- கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்று ஒரு வரி. வக்கீல் மாதிரி விரிக்க வேண்டாம்.
- கத்தாதீர்கள். (எனக்குக் குரல் எழும்பாது, அதனால் சொல்கிறேன். கத்த வருகிறவர்கள் அநீதியைச் சாடும் ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுங்கள்.)

‘கல்லறை’ வந்தவன் எப்படித் தேறினான் என்று அவனையே கேளுங்கள். அவன் கொடுத்த நேரத்தை மீறி 35 நிமிடம் பேசியும் தேறினான், எனக்குப் புரியவில்லை.

மறுதேர்வு அன்று வாசலில் யாரும் ‘நல்ல செய்தி ஐயா’ என்று கை கொடுக்கவில்லை. ஓர் அக்கா மட்டும் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, “ஐயா, அம்மா செயின் எந்த பேங்க்ல இருக்கு? வட்டி எவ்வளவு?” என்றார். சொன்னேன். கூட்டுறவு சங்கத்தில் அதைவிடக் குறைவு, மாற்றி வையுங்கள் என்றார்.