டயர் வெடித்ததில் உடைந்த கழிவுக் குழாய்

அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 சாலையில் மேடு ஏறும்போது, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடு மாதிரியான எங்கள் கேம்பர் டிரெய்லரின் இடப்பக்க டயர் ஒன்று வெடித்தது. மேல் பட்டன் தேயாமல் நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி ஓட்டிய டயர். பக்கவாட்டில் 2316 என்று அச்சாகியிருந்தது. அதாவது 2016-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு; பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் பழசு. ஸ்டெப்னியை மாட்டி முடித்தபோது, "ஏங்க, அடியில என்னமோ ஒழுகுது" என்றாள் மனைவி.

கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று அடித்திருக்கிறது. குளித்த தண்ணீர் சேரும் தொட்டியின் ஒன்றரை அங்குலக் குழாய் முறிந்து தொட்டியே காலி. கழிப்பறைத் தொட்டியின் மூன்று அங்குலக் குழாய் நல்லவேளையாக வால்வைத் தாண்டித்தான் உடைந்திருந்தது. வால்வு மூடியிருந்ததால் மானம் தப்பியது.

ஆனால் கழிப்பறைத் தொட்டி நிறைந்திருக்கிறது, ஹோஸ் மாட்ட வாய் இல்லை. வால்வுக்குக் கீழே மிஞ்சிய துண்டில் கிளாம்ப் வைத்த ரப்பர் கப்ளிங்கைச் செருகி, அதில் ஒரு சாண் குழாயும் ஹோஸ் மாட்டும் முனையும் பொருத்தினேன். கழிவு இறக்கும் இடத்துக்கு மெதுவாக ஓட்டிப்போய்க் காலி செய்தோம். ரப்பரையே நிரந்தரமாக விட்டுவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். வண்டி அதிர்வில் கிளாம்ப் தளரும் என்று எனக்குப் பயம்.

ஊரில் வெள்ளைப் பிவிசி பார்த்தே வளர்ந்த கை, கடையில் பிவிசி சொல்யூஷனைத்தான் முதலில் எடுத்தது. இந்தக் கறுப்புக் குழாயோ ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக். அதற்கென்று தனி சிமெண்ட் உண்டு, பிரைமர் வேண்டாம்.

வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே அறுக்க வேண்டுமோ என்று மலைத்தேன். வால்வை நான்கு போல்ட்தான் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் பாதி வேலை குறைந்தது. கழற்றிவிட்டு, இரண்டு குழாயும் சேரும் ஒய் துண்டை மேஜைமேல் வைத்தே ஒட்டினேன். அங்கேதான் சொதப்பல். கோணத்தைக் குறிக்காமல் ஒட்டிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் வாய் சக்கரத்தைப் பார்த்து நிற்கிறது. திருப்பலாம் என்றால் சில நொடியிலேயே இறுகிவிட்டது. புதுத் துண்டு வாங்கி, இந்த முறை ஒட்டாமலே வண்டியில் பொருத்திப் பார்த்து, இணைப்பின் குறுக்கே வெள்ளி நிற மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டேன். அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, இருபக்கமும் சிமெண்ட் தடவி, கால் சுற்று திருப்பி அழுத்தி, கோடு சேர்ந்ததும் அரை நிமிடம் விடாமல் பிடித்தேன்.

மறுநாள் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றினேன். ஒட்டிய இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. வால்வு ஓரத்தில் மட்டும் ஈரம். தண்ணீரை இறக்கிவிட்டுக் கழற்றினால் ரப்பர் சீல் மடிந்து கிடக்கிறது. சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைத்து, போல்ட்களை எதிரெதிராக முடுக்கியதும் நின்றது. அடுத்த வாரம் நான்கு டயரையும் மாற்றினேன். குழாய்க்கு ஆனதைவிட அதற்குத்தான் செலவு.