பிளேஸ்டேஷன் 6: வேகத்தைவிட விலையே பெரிய கேள்வி

சோனியின் அடுத்த விளையாட்டுப் பெட்டியான (கன்சோல்) பிளேஸ்டேஷன் 6 எப்போது வரும் என்று கணிக்க முனைபவர்கள் எல்லோரும் முதலில் பழைய தேதிகளைத்தான் அடுக்குகிறார்கள். முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரிலும், இரண்டாவது 2000 மார்ச்சிலும் வந்தன. அதன் பிறகு வந்த மூன்றும் 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளின் நவம்பரில் வெளியாயின. ஆறேழு ஆண்டு இடைவெளி என்ற இந்த வாய்ப்பாட்டின்படி அடுத்தது 2027 இறுதியில் வர வேண்டும். கணக்கு சரிதான், ஆனால் அந்த வாய்ப்பாட்டைத் தாங்கி நின்ற பொருளாதாரம் இப்போது இல்லை என்பதே என் எண்ணம்.

கன்சோல் வணிகம் நெடுங்காலம் ஒரே விதியை நம்பி நடந்தது: பெட்டி பழையதாக ஆக, விலை இறங்கும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமாகி 2002-இல் 199 டாலருக்கு வந்தது. 2006-இல் 599 டாலர் என்று எல்லோரையும் அதிரவைத்த பிளேஸ்டேஷன் 3, மூன்றே ஆண்டுகளில் மெலிந்த வடிவமெடுத்து 299 டாலருக்குக் கிடைத்தது. சில்லு தயாரிப்பு முறை ஒவ்வொரு படி முன்னேறும்போதும் அதே சில்லைச் சிறியதாகச் செய்ய முடிந்தது, ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து கூடுதலான சில்லுகள் கிடைத்தன, செலவு தானாகக் குறைந்தது. அதனால்தான் தொடக்கத்தில் நட்டத்துக்கு விற்றாலும் பின்னால் ஈட்டிக்கொள்ளலாம் என்று நிறுவனங்கள் துணிந்தன.

பிளேஸ்டேஷன் 5 இந்த விதியைத் தலைகீழாக்கிவிட்டது. 2020-இல் 499 டாலருக்கு வந்த அந்தப் பெட்டி, ஐந்தாம் ஆண்டை நெருங்கிய 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549.99 டாலராக ஏறியது. அதே 499 டாலரில் தொடங்கிய, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025-இல் இரண்டு முறை உயர்ந்து 649.99 டாலரைத் தொட்டது. அமெரிக்க இறக்குமதி வரிக்கு இதில் பங்குண்டு என்றாலும், பழியை முழுவதும் வரியின் மேல் போட முடியாது. புதிய தயாரிப்பு முறைகளில் தகட்டின் விலை வெகுவாக உயர்ந்துவிட்டதால், சில்லைச் சிறிதாக்குவதால் கிடைத்த பழைய ஆதாயம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதற்கிடையே, டிஸ்க் டிரைவ் கூட இல்லாத பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு விற்று, ரசிகர்கள் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்பதையும் சோனி அளந்து பார்த்துவிட்டது. (இந்திய ரசிகர்களுக்கு அந்த அளவுகோலில் இடமே கிடைக்கவில்லை: புதிய வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால், ப்ரோவை இந்தியாவில் வெளியிடவில்லை என்று சோனி விளக்கம் அளித்தது.)

விலையை முடிவுசெய்யப் போவது பெரும்பாலும் நினைவகம்தான். பிளேஸ்டேஷன் 2-இல் முதன்மை நினைவகம் 32 எம்பி. மூன்றாவதில் மொத்தம் 512 எம்பி. நான்காவதில் 8 ஜிபி. அதாவது இரண்டு முறை தொடர்ந்து பதினாறு மடங்கு வளர்ச்சி. ஐந்தாவதில் 16 ஜிபி, வெறும் இரண்டு மடங்கு. அந்தக் குறையை ஈடுசெய்யவே நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி என்ற அதிவேகச் சேமிப்பகத்தைச் சோனி வைத்தது: வேண்டிய தரவை வேண்டிய நொடியில் கொண்டுவர முடிந்தால், எல்லாவற்றையும் நினைவகத்தில் குவித்துவைக்கத் தேவையில்லை. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பொறியியல் முடிவு அதுவே என்பேன். இப்போது செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து அவற்றின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. நினைவகச் சில்லுகளைத் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் அடுத்த பிளேஸ்டேஷனில் 32 ஜிபியைத் தாண்டிய நினைவகத்தை எதிர்பார்ப்பது பேராசை.

சோனியும் சில்லு நிறுவனமான ஏஎம்டியும் 2025 அக்டோபரில் சேர்ந்து வெளியிட்ட காணொளியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் பொருள் தெளிவாகும். கன்சோலின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி அதில் மூன்று நுட்பங்களைப் பற்றிப் பேசினார். கிராஃபிக்ஸ் சில்லுக்குள் கணக்கிடும் அலகுகளை ஒன்றிணைத்துச் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கு ஒரே எந்திரம்போல் இயங்கவைக்கும் நியூரல் அரேஸ். ஒளிக்கதிர்களின் பாதையைக் கண்டறிவதற்கென்றே தனியாக அமையும் ரேடியன்ஸ் கோர்ஸ். கிராஃபிக்ஸ் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே செல்லும் தரவைச் சுருக்கி அனுப்பும் யுனிவர்சல் கம்ப்ரெஷன். இவை இன்னும் கணினிப் பாவனை அளவில்தான் இருக்கின்றன என்பதையும், சில ஆண்டுகளில் வரும் கன்சோலில் இவற்றைப் பயன்படுத்த விரும்புவதையும் அவரே கூறினார். மூன்றையும் இணைக்கும் இழை சிக்கனம். குறைந்த பிக்சல்களில் வரைந்து மீதியைக் கணித்து நிரப்பும் முறை ப்ரோவில் பிஎஸ்எஸ்ஆர் என்ற பெயரிலும் நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் டிஎல்எஸ்எஸ் என்ற பெயரிலும் ஏற்கெனவே இருக்கிறது. வலு கூடுவதைக் காட்டிலும், இருக்கும் வலுவை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதே இனி வேறுபாட்டை உண்டாக்கும். ஆகவே நான்காவதில் 1.84 டெராஃப்ளாப் (நொடிக்கு 1.84 லட்சம் கோடி கணக்குகள்), ஐந்தாவதில் 10.28 டெராஃப்ளாப் என்று தலைமுறைகளை ஒப்பிட்ட அட்டவணைகளுக்கு இனிமேல் பெரிய மதிப்பிருக்காது.

மைக்ரோசாஃப்ட்டின் வழி வேறாகத் தெரிகிறது. ஏஎம்டியுடன் பல்லாண்டு ஒப்பந்தத்தை 2025 ஜூனில் அறிவித்தபோது, அடுத்த எக்ஸ்பாக்ஸ் அனுபவம் ஒரே கடைக்குள் பூட்டப்படாது என்று அப்போது எக்ஸ்பாக்ஸின் தலைவராக இருந்த சாரா பாண்ட் கூறினார். 2025 அக்டோபரில் வந்த, ஏசஸ் தயாரித்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் ஆலை (Ally) என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, விண்டோஸில் இயங்கி, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையின் விளையாட்டுகளையும் ஏற்றது. வரவேற்கத்தக்க சுதந்திரம்தான். ஆனால் பெட்டியை நட்டத்துக்கு விற்பவர், தன் கடையில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் கிடைக்கும் பங்கைக் கொண்டே அந்த நட்டத்தை அடைக்கிறார். வாங்குபவர் ஸ்டீமுக்குப் போகலாம் என்றால் அந்தப் பங்கு கைநழுவும். பெட்டிக்குக் கணினி விலைதான் வைக்க வேண்டியிருக்கும்.

சோனி ஒரு கையடக்கக் கருவியையும் கூடவே கொண்டுவரும் என்ற பேச்சு பரவலாக உலவுகிறது. பிளேஸ்டேஷன் 5-இல் 2025-இல் சேர்ந்த மின்சிக்கன வசதியை அதற்கு முன்னோட்டமாகப் பலர் காட்டுகிறார்கள். நடக்கலாம், நடந்தால் எனக்குக் கவலைதான். 10 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை இயக்க முடியாமல் போனதால், பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு 2023-இல் மற்ற தளங்களைவிட மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. வலுக்குறைந்த உடன்பிறப்பு ஒன்று இருந்தால் எல்லா விளையாட்டும் அதன் நடைக்கேற்பவே நடக்க வேண்டியிருக்கும்.

நின்டெண்டோ இந்தப் போட்டியில் இல்லை. 2025 ஜூன் 5 அன்று 449.99 டாலருக்கு வெளியிட்ட ஸ்விட்ச் 2 முதல் நான்கு நாட்களிலேயே 35 லட்சத்துக்கும் மேல் விற்றதால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அதற்கு அவசரமும் இல்லை.

சோனிக்கும் அவசரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஜிடிஏ 6 என்ற விளையாட்டு வரும் நாள் 2026 நவம்பர் 19 என்று அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்திருக்கிறது. அதற்காகவே பல லட்சம் பேர் பிளேஸ்டேஷன் 5 வாங்குவார்கள். அவர்கள் வாங்கிய ஓராண்டுக்குள், நினைவக விலை உச்சத்தில் இருக்கும்போது, புதிய பெட்டியை இறக்குவதில் சோனிக்கு என்ன லாபம்? நீதிமன்ற வழக்கொன்றின் ஆவணங்களோடு 2023-இல் கசிந்த மைக்ரோசாஃப்ட்டின் பழைய திட்டமும் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கு 2028-ஐத்தான் குறித்திருந்தது. நான் பந்தயம் கட்டுவதானால் 2028 இறுதி, கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவ், 599 டாலருக்குக் குறையாத தொடக்க விலை ஆகிய மூன்றின் மேலும் கட்டுவேன். மூன்றாவதில்தான் எனக்கு உறுதி அதிகம்.