பாஸ்பேட்டுக்கு வெளியேறும் வழி

2024 மே 5, ஞாயிறு

கடல்நீர்த் தொட்டியில் இன்று நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), பாஸ்பேட் 0.30 பிபிஎம். கல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் நான் வளர்ப்பவை கல் எலும்புக்கூடு இல்லாத காளான் பவளங்கள் மட்டுமே. அவை சில நாட்களாகவே சரியாக விரியவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலும் நைட்ரேட் 32-க்குத்தான் இறங்கும் என்பதால், முதலில் உணவிலும் நீரிலும் உள்ளே வரும் இந்தச் சத்துகளைக் குறைக்க வேண்டும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கும் உறைந்த ஆர்ட்டீமியாவை (சிறு உப்புநீர் இறால்) இனி உருக்கி, வலையில் வடித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே மீன்களுக்குத் தருவேன். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலக்கும் அமைப்பு உண்டு. தொட்டிக்கு அந்த நீர் உதவாது, ஆர்ஓ நீரில் எஞ்சும் உப்புகளையும் நீக்கும் டிஐ ரெசின் வழியாகவும் செலுத்த வேண்டும்.

மே 12, ஞாயிறு

வினிகர் ஊற்றி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உட்கொள்ளும் பாக்டீரியாவைப் பெருக்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார். அந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை உண்ணும். வெப்பம் ஏறிய நீரில் ஆக்சிஜன் கரைவதோ குறைவு. அக்னி நட்சத்திரத்தில், இரவில் மின்சாரம் போகக்கூடிய ஊரில், அதைச் செய்ய மாட்டேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையை மட்டும் அடிக்கடி கழுவுகிறேன்.

மே 26, ஞாயிறு

நைட்ரேட் 20-க்கு வந்துவிட்டது, பாஸ்பேட்டோ 0.27-இல் நிற்கிறது. இதில் வியப்பில்லை. உயிர்ப்பாறையின் (தொட்டியில் வைக்கும், நுண்ணுயிர்கள் குடியேறிய துளைகள் நிறைந்த பாறை) உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. பாஸ்பேட்டுக்கு அவ்வாறு வாயுவாகும் வழியே இல்லை. அது பாறையின் கால்சியம் கார்பனேட்டில் ஒட்டிக்கொண்டு, நீரில் அளவு குறையும்போதெல்லாம் மெல்லக் கசிந்து, கடன் வட்டியைப் போல மீண்டும் ஏறிவிடுகிறது. ஆகவே நீரில் தெரியும் எண் பாறையில் தேங்கியிருப்பதன் ஒரு சிறு பகுதியே. பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைக் குறைந்த அளவில் தொடங்கினேன். கூடுதலாகப் போட்டால் பாஸ்பேட் திடீரென விழுந்து பவளத்தின் திசுவே உரியக்கூடும்.

ஜூன் 16, ஞாயிறு

பாஸ்பேட் 0.12, நைட்ரேட் 10. சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டி) இரவு விளக்கின்கீழ் இந்தச் சத்துகளை உண்டு வளரும் கீட்டோ பாசியை இன்று ஒரு கைப்பிடி அறுவடை செய்தேன். சத்து தொட்டியைவிட்டு உண்மையாகவே வெளியேறுவது இப்படித்தான். பூஜ்யம் எனக்கு வேண்டாம்: இரண்டும் அற்றுப்போன தொட்டிகளில்தான் டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் பழுப்பு நிறப் படலம் தலைதூக்குகிறது. பாஸ்பேட் 0.05-ஐ நெருங்கியதும் இரும்பு மணிகளைப் பாதியாக்கி, கீட்டோவின் விளக்கு நேரத்தையும் குறைப்பேன்.