ஏஐ பயன்படுத்தியதை மறைக்காமல் எழுதினேன், கவுண்டரில் மாட்டிக்கொண்டேன்

ஆய்விதழ் தரப்பில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆங்கிலத்தைச் செப்பனிட சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதை மேற்கோள் பட்டியலுக்கு மேலே அறிவிப்பாகப் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீடு, திருத்தம் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. என் உயிரை வாங்கியது இங்கே கோலாலம்பூரில், நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கவுண்டர்தான்.

பிஎச்டி ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன், கட்டுரை ஏற்கப்பட்டதற்கான பாரத்தை நீட்ட வேண்டும் அல்லவா? கவுண்டரில் இருந்த கிராணி (எழுத்தர்) கட்டுரையின் பிரதியைப் புரட்டினார், அறிவிப்பில் கண் நின்றது, பாரத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். "ஏஐ அறிக்கை எடுத்து வாருங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்." கட்டுரையில் எத்தனை விழுக்காடு ஏஐ எழுதியது என்று ஒரு கண்டறியும் மென்பொருள் கணித்துத் தரும் அறிக்கை அது. இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எப்போதும் இப்படித்தான், புவான்." எனக்கு முன்னால் நின்றவரின் கட்டுரையில் அறிவிப்பே கிடையாது, அவர் பாரத்தில் முத்திரை விழுந்துவிட்டது. அவர் ஏஐ பக்கமே போகாதவராக இருக்கலாம். ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லையே!

அறிக்கை வந்தது. 20-ஐத் தாண்டியிருந்தது. ஏஐ எழுதியது என்று எங்கே வண்ணம் பூசியிருந்தது தெரியுமா? ஆய்வுமுறைப் பகுதியில். தோட்டத்திலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்களை எப்படிப் பேட்டி கண்டேன், எப்படிப் பதிவு செய்தேன் என்று நானே உட்கார்ந்து எழுதிய பகுதி அது. எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கும் அதே வறட்டு வாக்கியங்கள்தான். சாட்ஜிபிடி கைவைத்த முன்னுரையில் ஒரு பொட்டு வண்ணமும் இல்லை.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று இத்தகைய கருவிகள் தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் காட்டினார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் மாட்டுவோம்.

வரிசையில் நின்ற தம்பி ஒருவர், "அக்கா, பைண்டிங் கடையில கேளுங்க, பர்சன்ட் குறைச்சுத் தருவாங்க" என்றார். அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். இன்னொரு மென்பொருளில் போட்டு வாக்கியங்களைக் கலைத்துத் தருவதுதான் அந்தச் சேவை. ஏற்கப்பட்ட கட்டுரையில் ஒரு வரி மாறினாலும் அது வேறு கட்டுரை. நேர்மையாக அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்புக்காகவே மோசடி செய்வதா?

இதற்கிடையே அவர்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குப் போனால் வெள்ளிக்கிழமை மதியம், கவுண்டர் மூடிக் கிடக்கிறது. 2.45 வரை தொழுகை இடைவேளை என்பது சொன்னவருக்குத் தெரியாதா என்ன! பிரிக்பீல்ட்ஸிலிருந்து மழையில் போனது வீண்.

கடைசியில் காப்பாற்றியது அந்த அறிக்கையேதான். இதை மட்டும் வைத்து மாணவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதன் முதல் பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, மேற்பார்வையாளரின் கடிதத்தோடு துணை டீனிடம் போனேன். மடிக்கணினியில் கூகுள் டாக்ஸ் திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினேன். ஆய்வுமுறைப் பகுதி அரை வாக்கியமாகத் தொடங்கி, அடித்துத் திருத்தி, மாதக்கணக்கில் வளர்ந்ததை அவரே உருட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். கிராணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் எனக்குத் தேனாக இருந்தது.

உங்களுக்குச் சில விஷயங்கள். வேறு எங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் திருத்த வரலாறு உதவாது; தொடக்கத்திலிருந்தே அங்கேயே எழுதுங்கள். அறிவிப்பில் கருவியின் பெயர், எதற்குப் பயன்படுத்தினீர்கள், சரிபார்த்துப் பொறுப்பேற்கிறீர்கள் என்பது இருந்தால் போதும், கதை வேண்டாம். வெறும் எழுத்துப்பிழை திருத்தத்துக்குப் பெரும்பாலும் அறிவிப்பே கேட்பதில்லை. தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறையில் எழுத வேண்டும். ஏஐயை ஆசிரியராகப் போடக் கூடாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அப்புறம், பேட்டிப் பதிவுகளை சாட்ஜிபிடியில் ஏற்றாதீர்கள். பேட்டி கொடுத்தவர்கள் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை.

அந்த 20 விழுக்காட்டு விதியை எழுத்தில் தரச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அடுத்து பாரம் கொடுக்கப் போகிறவர்கள், போவதற்கு முன்பே நீங்களும் ஒன்று போட்டுவையுங்கள்.