எழுபது டாலரும் பீன்யா பில்லும்

"யூனியன்தான் டெட்ராய்டை முடிச்சது. கார் பூட்டுறவனுக்கு மணிக்கு எழுபது டாலர் குடுத்தா கம்பெனி எப்படி நிக்கும்?" பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் அத்தை பையன் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இதைச் சொல்லாமல் பந்தியில் உட்கார மாட்டான்.

அந்த 70 டாலர் 2008இல் கிளம்பிய பேச்சு. டெட்ராய்டைச் சேர்ந்த அமெரிக்கக் கார் கம்பெனிகள் அரசிடம் கடன் கேட்டு நின்ற நேரம். அன்றைக்குப் பழைய தொழிலாளியின் அடிப்படை மணிக்கூலி 28 டாலர் வாக்கில்தான். அதோடு ஓவர்டைம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, எப்போதோ ரிட்டயரானவர்களின் பென்ஷனையும் மருத்துவச் செலவையும்கூட ஏற்றி, இப்போது உழைப்பவனின் மணிக்கணக்கால் வகுத்து எழுபது ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பெங்களூரிலேயே பீன்யா தொழிற்பேட்டையில் கார் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவள் நான். எங்களுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் மாதாமாதம் தரும் பில்லில் இதே வித்தையைப் பார்க்கிறேன். கணக்குக்கு ஒரு பையனின் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பங்குக்கு பிஎஃப் நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், 1,950. மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ 488. போனஸ் ஒதுக்கீடு 1,250. இதன்மேல் காண்ட்ராக்டர் கமிஷன் 8 சதவீதம் போட்டால் 20,183. அப்புறம் ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் 23,816 ரூபாயில் நிற்கும். பையன் பங்கு பிஎஃப், இஎஸ்ஐ கழித்து அவன் கணக்கில் விழுவதோ 13,087.

மீட்டிங்கில் "ஒரு ஆளுக்கு இருபத்தி நாலாயிரம் அழறோம்" என்பார்கள். அந்த ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டாக, அதாவது கம்பெனி கட்டவேண்டிய வரியில் கழிவாக, திரும்பி வந்துவிடும் என்பது அதே அறையில் இருக்கும் ஆடிட்டருக்கும் தெரியும். வாயைத் திறக்க மாட்டார்.

சரி, அதற்காக யூனியன் செய்வதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அமெரிக்கக் கார் தொழிலாளர் யூனியனே 2007இல் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது: பழையவர்கள் சம்பளம் அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்பவனுக்குக் கிட்டத்தட்ட பாதி. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலை, ரெண்டு கூலி. அதைச் சரிசெய்ய 2023 செப்டம்பரில் யூனியன் தலைவர் ஷான் ஃபெய்ன் தலைமையில் ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் என மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. நாலரை வருடத்தில் 25 சதவீத உயர்வு வாங்கினார்கள். புது ஆள் முழுச் சம்பளத்தைத் தொட எட்டு வருடம் என்றிருந்தது மூன்றானது. யூனியனே இல்லாத டொயோட்டா, ஹோண்டா அமெரிக்க ஆலைகளும் சில வாரங்களிலேயே தாங்களாகச் சம்பளத்தைக் கூட்டின. (அத்தை பையனிடம் இதைச் சொன்னேன். ரசம் கேட்டான்.)

எங்கள் கம்பெனியிலும் யூனியன் உண்டு, பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பாதிக்குமேல் காண்ட்ராக்ட் பையன்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம், இப்போது ஒடிசாவிலிருந்தும். பர்மனென்ட்காரர் ஸ்ட்ரைக் என்று வெளியே போனால் பிரஸ்ஸை ஓட்டப்போவது இவர்கள்தான். அப்படியிருக்க இவர்களைச் சேர்க்காத யூனியனுக்குப் பேரம் பேச என்ன பலம் இருக்கும்?

இந்த முறை யூனியனின் கோரிக்கைப் பட்டியல் என் மேஜை வழியாகத்தான் போனது. கேன்டீன், யூனிஃபார்ம் தையல்கூலி, ஷிஃப்ட் அலவன்ஸ் எல்லாம் இருந்தது. காண்ட்ராக்ட் என்ற சொல் எங்கேயும் இல்லை. யூனியன் செக்ரட்டரியிடம் கேட்டேன். "அவங்க நம்ம ரோல்ல இல்லையே மேடம். அடுத்த செட்டில்மென்ட்ல பார்க்கலாம்" என்றார்.

செட்டில்மென்ட், அதாவது சம்பள ஒப்பந்தம், எங்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. காண்ட்ராக்ட் பையன்களில் பெரும்பாலோர் பெயர் என் மஸ்டரில், அந்த வருகைப் பதிவேட்டில், ஒரு வருடம்கூட நிற்பதில்லை.